பாதில நிக்கிற 7 பின்னல், ராத்திரி 11 மணி, மணிக்கட்டு வலி: எனக்குத் தெரிஞ்ச பதில்

நீங்க கேட்டதை முதல்ல ஒருவாட்டி திருப்பிச் சொல்லிடறேன், தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. ஊட்டில வீடு, குன்னூர்ல ஆபீஸ், தினமும் பஸ்ல போயிட்டு வர்றீங்க. பையனுக்கு 9 வயசு, பொண்ணுக்கு 4, மாமியாருக்கு முட்டி வலி. நிட்டிங்கும் (ரெண்டு ஊசிப் பின்னல்) பிடிக்கும், குரோஷாவும் (கொக்கிப் பின்னல்) பிடிக்கும், ஆனா வீட்ல 7 வேலை 7 பைல பாதில கிடக்கு, அதுல வீட்டுக்காரருக்குன்னு ஆரம்பிச்ச நீல ஸ்வெட்டர் ரெண்டு வருஷமா ஒத்தக் கையோட நிக்குது. எல்லாரும் படுத்த பிறகு 11 மணிக்கு ஊசியை எடுத்தா தூக்கமும் போகுது, மணிக்கட்டும் வலிக்குது, "எப்பப்பாரு நூலும் கையுமா"ன்னு பேச்சும் விழுது. ரெண்டுல ஒண்ணை விட்டுடலாமா, இல்ல டைம் டேபிள் போட்டு செய்யலாமான்னு கேட்டிருக்கீங்க. நேரம் பத்தாததை விட அந்த 7 பையைப் பாக்கறப்பல்லாம் வர்ற குத்த உணர்ச்சிதான் உங்களை அதிகமா அரிக்குதுன்னு எனக்குத் தோணுது. அதனால ரெண்டுக்கும் சேர்த்தே சொல்றேன்.

நான் யாருன்னா, அருவங்காட்டுக்காரி, நீங்க தினமும் என் தெருவைத் தாண்டித்தான் போறீங்க. தையல் லோயர், ஹையர் பரீட்சை ரெண்டும் எழுதி, டிடிசிங்கற டீச்சர் டிரெயினிங்கும் முடிச்சு 26 வருஷம் ஸ்கூல்ல தையல் டீச்சரா இருந்தேன், ரிட்டயர் ஆகி 4 வருஷம் ஆச்சு. வீட்டுக்காரர் ஷிப்ட் வேலைக்காரர், அதனால "ஓய்வு நேரம்"னு ஒண்ணு தனியா எங்க வீட்ல இருந்ததே கிடையாது, காலைல 6 மணிக்கு ஒரு சாப்பாடு, ராத்திரி 11க்கு ஒரு சாப்பாடு. கண்ணி (பின்னல்ல விழற ஒவ்வொரு நூல் வளையம்), ஊசி, நூல் பத்தி நான் சொல்றதை நம்பலாம். குடும்பம் நடத்தறது பத்தி சொல்றது என் வீட்ல நடந்தது மட்டும்தான், உங்க வீட்டுக்கு எது பொருந்தும்னு நீங்கதான் பாத்துக்கணும். கை வலி பத்தியும் சொல்லுவேன், ஆனா நான் டாக்டர் இல்ல, அதை அங்க வர்றப்ப இன்னொருவாட்டி சொல்றேன்.

டைம் டேபிள் வேண்டாம்மா. நான் போட்டுப் பாத்திருக்கேன், "தினமும் 9லிருந்து 10 வரை பின்னல்"னு. மூணாவது நாள் கொழந்தைக்கு ஜுரம், நாலாவது நாள் கரண்ட் இல்ல, அஞ்சாவது நாள் நாத்தனார் வந்துட்டாங்க, அப்புறம் அந்த ஒரு மணி நேரமே இன்னொரு கடன் மாதிரி ஆயிடுச்சு. அதை விட்டுட்டு நான் செஞ்சது வேற. என்கிட்ட ஏற்கனவே இருக்கற நேரம் என்ன மாதிரி நேரம்னு ஒரு வாரம் சும்மா கவனிச்சேன். மூணு ரகம் இருந்துச்சு. ஒண்ணு துண்டு நேரம், குக்கர் மூணாவது விசிலுக்கு நிக்கறது, பஸ் ஸ்டாப்ல நிக்கறது, டியூஷன் வாசல்ல நிக்கறது, அஞ்சு பத்து நிமிஷம்தான், எப்ப வேணா கூப்பிடுவாங்க. ரெண்டாவது காது மட்டும் வேலை செய்யற நேரம், அதாவது சீரியல் ஓடுது, மாமியார் பேசிட்டிருக்காங்க, பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கறான், கை சும்மா இருக்கு ஆனா மூளை சும்மா இல்ல. மூணாவதுதான் நிஜமான நேரம், யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம், அது வாரத்துக்கு ஒண்ணு கிடைச்சாலே பெருசு, எனக்கு அது ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் கறிச்சோறு சாப்ட்டு தூங்கறப்ப கிடைக்கும்.

பெரும்பாலும் வேலை பாதில நிக்கறதுக்குக் காரணம், மூணாவது ரக நேரம் கேக்கற வேலையை முதல் ரக நேரத்துல செய்யப் பாக்கறதுதான். கேபிள் டிசைன், லேஸ் டிசைன், கழுத்து குறைக்கறது, ஸ்வெட்டர் மூட்டறது இதெல்லாம் எண்ணிக்கிட்டே இருக்கணும், "அம்மா"ன்னு ஒரு சத்தம் வந்தா போச்சு. அதை ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கோங்க. சீரியல் நேரத்துக்கு மஃப்ளர், ஸ்வெட்டரோட முதுகுப் பக்கம், ஒரே மாதிரி போயிட்டே இருக்கற எதுவும். துண்டு நேரத்துக்கு குரோஷா சதுரம். கிரானி ஸ்கொயர்னு சொல்லுவாங்களே அது, நாலு சுத்து போட பழகின கைக்கு 10, 15 நிமிஷம், ஒண்ணு முடிஞ்சா முடிஞ்சதுதான், பைக்குள்ள போட்டுட்டு பஸ்ல ஏறிடலாம். ஆக ஒரு நேரத்துல மூணு வேலை கைல இருக்கலாம், ரகத்துக்கு ஒண்ணு. ஏழு கூடாது. மூணும் மூணு மஞ்சப்பைல, அந்தந்த வேலைக்கான ஊசி, நூல், கத்தரி எல்லாம் அதுக்குள்ளயே. ஊசியைத் தேடறதுக்கு எந்திரிச்சாலே துண்டு நேரம் தீந்து போயிடும்.

பஸ் பத்தி ஒரு வார்த்தை. ஊட்டி குன்னூர் 18, 19 கிலோமீட்டர், சாதாரண நாள்ல ஒரு மணி நேரம், மே மாசம் ஃப்ளவர் ஷோ சமயத்துல எவ்வளவுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, ஒரு வருஷம் சீசன்ல எல்லநள்ளிகிட்ட டிராபிக்ல நின்ன நேரத்துல மட்டும் ஒரு குல்லா முடிச்சிருக்கேன். ஆனா ஓடற பஸ்ல நீட்டு ஊசி வேண்டாம், பிரேக் போட்டா பக்கத்து சீட்டுக்காரங்க இடுப்புல குத்தும். குரோஷா கொக்கி குட்டை, மொண்ணை, அது பரவாயில்ல. நிட்டிங்தான் வேணும்னா வட்ட ஊசி, ரெண்டு முனைக்கும் நடுவுல ஒயர் இருக்குமே அது. அப்புறம் குனிஞ்சே இருந்தா வளைவுல வயித்தைப் புரட்டும், குன்னூருக்குக் கீழ மேட்டுப்பாளையம் ரோட்டுல 14 ஹேர்பின்லயும் நான் ஒரு கண்ணி கூட போடறது கிடையாது, எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டு வந்துடுவேன்.

இப்ப முக்கியமானது, எப்படி நிறுத்தறதுங்கறது. டக்குனு கீழ வைக்க முடியற வேலையைத்தான் டக்குனு கைல எடுக்கவும் முடியும். "இந்த வரிசை முடிச்சுட்டு வந்துடறேன்"னு எத்தனை வாட்டி சொல்லி பாலைப் பொங்க விட்டிருப்போம். வரிசை முடியணும்னு அவசியமே இல்லங்க. நடு வரிசைல வச்சுட்டுப் போங்க, திரும்பி வந்து எந்தப் பக்கமா போயிட்டிருந்தோம்னு குழப்பம் வந்தா, உருண்டைல இருந்து வர்ற நூல் எந்த ஊசில தொங்குதுன்னு பாருங்க, அந்த ஊசிதான் வலது கைல இருக்கணும். கடைசியா போட்ட கண்ணில இருந்துதான் நூல் கிளம்பும், அது எப்பவும் வலது ஊசிலதான் இருக்கும், இதுல மாத்தமே கிடையாது. என் கிளாஸ்ல பிள்ளைங்க பாதிப் பேர் இது தெரியாமத்தான் திருப்பிப் போட்டு நடுவுல ஓட்டை விழ வைப்பாங்க. ஊசி முனைல ஒரு ரப்பர் பேண்டை நாலு சுத்து சுத்திட்டா கண்ணி நழுவாது. குரோஷாவுக்கு இன்னும் சுலபம், அதுல உயிரோட இருக்கறது ஒரே ஒரு கண்ணி, அதை ஒரு சாண் இழுத்து விடுங்க, இல்ல ஒரு ஊக்கு மாட்டி விடுங்க, 4 வயசு பொண்ணு பையைக் கவுத்தாலும் பிரியாது.

அதே மாதிரி எண்ணிக்கை. மனசுல வச்சுக்கவே கூடாது. தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சுட்டு தூக்கிப் போடாதீங்க, அதோட பின்பக்கம் "34வது வரிசை, அடுத்தது குறைக்கணும்"னு எழுதி மடிச்சு பைக்குள்ள வைங்க. முன்பக்கம் தேதி இருக்கறதால கடைசியா என்னைக்குத் தொட்டோம்னும் தெரியும், ராகு காலம் கூட தெரியும். எழுத மறந்துட்டாலும் துணியைப் படிக்கக் கத்துக்கிட்டா போதும், நேர்ப் பக்கம் ஒரு கண்ணி கவுத்துப் போட்ட வேல் மாதிரி இருக்கும், ஒரு வேல் ஒரு வரிசை. எல்லா வரிசையும் நிட்டே, அதாவது நேர்க் கண்ணியே போட்ட கார்டர் பின்னல்னா ஒரு மேடு ரெண்டு வரிசை. நம்ம மலைல தோடர் பழங்குடி அம்மாங்க அந்தச் செவப்பு கறுப்பு எம்ப்ராய்டரி போடறதைப் பாத்திருப்பீங்க, 2013ல புவிசார் குறியீடு வாங்கிச்சே, அது துணியோட பின்பக்கமா நூலை எண்ணி எண்ணிப் போடறது, கீழ கோடு வரையறது கிடையாது. எங்க விட்டோம்னு துணியே சொல்லிடும். நமக்கும் அந்தக் கண்ணு வந்துடுச்சுன்னா யார் கூப்பிட்டாலும் பயம் இல்ல.

டிசைன் வேலைன்னா இன்னொண்ணு செய்யுங்க. ஒவ்வொரு 10, 12 வரிசைக்கு ஒருவாட்டி ஒரு கான்ட்ராஸ்ட் கலர் காட்டன் நூலை தையல் ஊசில கோத்து, பின்னல் ஊசில இருக்கற எல்லாக் கண்ணிக்குள்ளயும் விட்டு இழுத்து வச்சுடுங்க. தப்பு நடந்தா அந்த நூல் வரைக்கும் தைரியமாப் பிரிக்கலாம், அதுக்குக் கீழ போகவே போகாது. மூணு நிமிஷ வேலை. பிரிக்கப் பயந்துதான் நிறைய பேர் பையை மூடி வைக்கறாங்க, அப்படி மூடின பைதான் ரெண்டு வருஷம் ஆகுது.

ரெண்டுல ஒண்ணை விடலாமான்னா, விடாதீங்க. இதை ஆசைக்காகச் சொல்லல. நிட்டிங்ல ஒரு கண்ணி நழுவி அஞ்சாறு வரிசை கீழ ஏணி மாதிரி இறங்கிடுச்சுன்னா அதைத் தூக்கறது குரோஷா கொக்கிதான், ஒவ்வொரு ஏணிப்படியா மாட்டி இழுத்துட்டு மேல வந்துடலாம். கொக்கி இல்லாத நிட்டிங் பை கரண்டி இல்லாத அடுப்படி மாதிரி. கைக்கும் அது மாத்தம், குரோஷால ஒரே மணிக்கட்டு திரும்பித் திரும்பி வேலை செய்யும், நிட்டிங்ல ரெண்டு கையும் பங்கு போட்டுக்கும், ஒண்ணு வலிச்சா இன்னொண்ணுக்கு மாறலாம். துணியும் வேற வேற. குரோஷா கெட்டியா வரும், நூல் கூடவே இழுக்கும், போர்வை, பை, குல்லா, கதவுக்குத் தோரணம் இதுக்கு நல்லது. உடம்போட ஒட்டி வளையற ஸ்வெட்டர், சாக்ஸ் இதுக்கு நிட்டிங். அதனால எதை எதுல செய்யறதுன்னு பிரிச்சுக்கோங்க, அது போதும்.

ஊசி நம்பர் பத்தி சின்னதா, ஏன்னா பாதில நிக்கற வேலைக்கு பெரிய வில்லன் இதுதான். நம்ம கடைல பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் இன்னும் ஓடுது, நம்பர் ஏற ஏற ஊசி மெலிசு, 8ம் நம்பர்னா 4 மில்லிமீட்டர், 10ம் நம்பர்னா 3.25. யூட்யூப்ல அமெரிக்கக்காரங்க சொல்ற நம்பர் இதுக்கு நேரெதிர், அங்க நம்பர் ஏறினா ஊசி தடிமன். குரோஷால இன்னும் மோசம், அமெரிக்காவுல சிங்கிள்னு சொல்றது இங்கிலாந்துல டபுள். ஒரே டிசைனை பாதி ஒரு வீடியோ பாத்தும் மீதி இன்னொரு வீடியோ பாத்தும் போட்டா கோணித்தான் வரும், உங்க தப்பு இல்ல. பாதி வேலைல இருந்து ஊசியை வேற வேலைக்கு உருவினீங்கன்னா, தொங்கற நூல் வால்ல ஊசி நம்பருக்கு அத்தனை முடிச்சு போட்டுட்டு உருவுங்க, 8ம் நம்பருக்கு 8 முடிச்சு. வேற ஊர்க்காரங்க இதைப் படிச்சா ஒரு தகவல், போனின்னு பேர் போட்டு வர்ற பின்னல் ஊசி எங்கயோ வெளிநாட்டுல இருந்து வருதுன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க, அது இங்க கேத்தி எல்லநள்ளில செய்யறது, 1949ல ஆரம்பிச்ச கம்பெனி. சட்டம் படிக்கற பசங்க அந்தக் கம்பெனியை 1981 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வழியா தெரிஞ்சு வச்சிருக்காங்க, என் மருமகன் சொல்லித்தான் எனக்கே தெரியும். நமக்கு அது பஸ் ஜன்னல் வழியா தெரியற கட்டடம்.

அடுத்து கணக்கு. தையல் டீச்சர்கள் சொல்லித் தர்றதில்ல, நானும் சொல்லித் தரல, இப்ப வருத்தப்படறேன். சாதாரண டபுள் நிட்டிங் நூல் (நடுத்தரத் தடிமன்), 8ம் நம்பர் ஊசின்னா 10 சென்டிமீட்டருக்கு சுமாரா 22 கண்ணி, 30 வரிசை. ஒரு ஆம்பள ஸ்வெட்டரோட முதுகு 50 சென்டிமீட்டர் அகலம், 60 உயரம்னு வைங்க, 110 கண்ணி, 180 வரிசை, பெருக்கினா 19,800 கண்ணி. முன் பக்கமும் அவ்வளவே. கை ஒண்ணுக்கு 10,000 வச்சா ரெண்டுக்கு 20,000. மொத்தம் 60,000 பக்கம் வருது. நிதானமான கை நிமிஷத்துக்கு 20 கண்ணி போடும்னா 3,000 நிமிஷம், அதாவது 50 மணி நேரம். தினமும் அரை மணி நேரம், வாரத்துல 5 நாள்னா 20 வாரம், கிட்டத்தட்ட 5 மாசம், மூட்டறதுக்கு தனியா ரெண்டு ஞாயித்துக்கிழமை. நீங்க சோம்பேறி இல்ல, ஒரு பெரிய ஸ்வெட்டர் அவ்வளவு நேரம் பிடிக்கற சாமான். கைக்குழந்தை ஸ்வெட்டருக்கு இதே கணக்கு போட்டா 12,000 கண்ணிதான் வரும், 10 மணி நேரம், மூணு நாலு வாரத்துல முடிஞ்சிடும். குளிர் டிசம்பர் ஜனவரில உறைபனியா இறங்குதுன்னா பெரிய ஸ்வெட்டரை ஜூன் ஜூலைல, வெளில மழை கொட்டறப்பவே ஆரம்பிச்சிடணும். நாம எல்லாரும் தலைகுந்தால பனி விழுந்த போட்டோ பேப்பர்ல வந்த பிறகுதான் நூல் வாங்கப் போவோம். நான் என் மூத்தவனுக்கு மூணு மாசக் குழந்தை சைஸ்ல ஆரம்பிச்சு முடிச்சப்ப அவன் நடந்துக்கிட்டு இருந்தான், ஸ்வெட்டர் எதிர் வீட்டுக்குப் போச்சு. குழந்தைக்குன்னா எப்பவும் ஒரு சைஸ் பெருசாவே போடுங்க.

இந்தக் கணக்கை வச்சுக்கிட்டு அந்த 7 பையையும் ஒரு ஞாயித்துக்கிழமை கட்டில் மேல கொட்டுங்க. ஒவ்வொண்ணையும் கைல எடுத்து "இன்னைக்கு இது கடைல பாதி விலைக்குக் கிடைச்சா வாங்குவேனா"ன்னு கேளுங்க. வாங்க மாட்டீங்கன்னா பிரிச்சிடுங்க. பிரிக்கறது பாவம் இல்ல, நூல் திரும்பி வருது. நாற்காலி முதுகுல சுத்தி நாலு இடத்துல கட்டி, வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு, ஈரத்தோட தொங்க விட்டா சுருட்டை ஓரளவுக்குப் போயிடும், கம்பளியில நல்லா போகும், அக்ரிலிக்ல கொஞ்சம் நிக்கும். நான் பிரிச்சதுலயே மனசு கஷ்டப்பட்டது ஒரு பச்சை சால்வை, முக்கால்வாசி முடிஞ்சது, யாருக்காகப் போட்டேனோ அவங்க இப்ப இல்ல. மூணு வருஷம் பீரோல வச்சுப் பாத்துட்டு ஒரு மழை நாள்ல பிரிச்சேன், அந்த நூல்ல பேத்திக்கு ரெண்டு குல்லா வந்துச்சு. உங்ககிட்ட அப்படி எதுவும் இருந்தா அதைப் பிரிக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், அது வேற கணக்கு.

கை வலி. மறுபடி சொல்றேன், நான் டாக்டர் இல்ல. ஆனா 26 வருஷத்துல நிறைய கையைப் பாத்திருக்கேன், என் கையும் சேர்த்து. 20, 25 நிமிஷத்துக்கு ஒருவாட்டி கீழ வச்சுட்டு விரலை விரிச்சு மடக்கணும், துண்டு நேரத்துல செஞ்சா இது தானாவே நடந்துடும், ராத்திரி ரெண்டு மணி நேரம் ஒரேயடியா உக்காந்தாத்தான் பிடிச்சுக்கும். நம்ம குளிருக்கு கை விறைச்சு இறுக்கமாப் பின்ன ஆரம்பிச்சிடும், அதுலயே பாதி வலி, அதனால வெந்நீர்ல கையைக் கழுவித் துடைச்சுட்டு உக்காருங்க, விரல் இல்லாத கிளவுஸ் ஒண்ணு பின்னிப் போட்டுக்கோங்க. ஸ்வெட்டர் பாரம் முழுக்க ஊசில தொங்க விடாம மடில கிடக்கணும், அதுக்கு வட்ட ஊசி நல்லது. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மரத்துப் போகுது, ராத்திரி தூக்கத்துல எழுந்து கையை உதற வேண்டியிருக்குன்னா, அது மணிக்கட்டுல நரம்பு நசுங்கறதோட அடையாளமா இருக்கலாம், தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க. சர்க்கரை, தைராய்டு இருக்கறவங்களுக்கும் கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் அது சீக்கிரம் வரும். நான் இழுத்தடிச்சு ஆறு மாசம் ஊசியையே தொட முடியாம கிடந்தேன்.

ராத்திரி 11 மணி வேலையை விட்டுடுங்க, அது நேரமே இல்ல, தூக்கத்துல இருந்து திருடறது. அந்நேரத்துக்குப் போட்ட வரிசையை மறுநாள் பிரிச்சதுதான் என் வீட்ல அதிகம், அதுவும் கறுப்பு, கருநீலம்னா குண்டு பல்ப்ல கண்ணியே தெரியாது. கருப்பு நூல் பகலுக்கு, வெளுப்பு நூல் ராத்திரிக்கு. இன்னொண்ணு, இது பின்னலுக்கு சம்பந்தம் இல்ல ஆனா சொல்லாம இருக்க முடியல, குளிருதுன்னு கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சு கதவை மூடிக்கிட்டு உக்காராதீங்க, அந்தப் புகையே தெரியாத விஷக் காத்துல மலைக்கு வர்ற டூரிஸ்ட் எத்தனையோ பேர் தூக்கத்துலயே போயிருக்காங்க. அக்ரிலிக் ஸ்வெட்டர்ல நெருப்புப் பொறி விழுந்தா உருகி ஒட்டிக்கும், நிஜக் கம்பளி சீக்கிரம் பத்தாது, அடுப்பு பக்கத்துல நிக்கற கொழந்தைக்கு எதைப் போடறதுன்னு அதையும் யோசிச்சுக்கோங்க.

நம்ம கடைங்கள்ல கிடைக்கற நூல் முக்காவாசி லூதியானால இருந்து வர்ற அக்ரிலிக்தான், ஆடு மேயற மலைல இருந்துக்கிட்டு இதை வாங்கறோமேன்னு சில சமயம் சிரிப்பு வரும், சாண்டிநள்ளால ஆட்டுப் பண்ணையே இருக்கு. ஆனா வேலைக்குப் போற வீட்டுக்கு அக்ரிலிக் சௌகரியம்தான், அலசலாம், பூச்சி அரிக்காது, அயர்ன் பாக்ஸ் மட்டும் வைக்கக் கூடாது, வச்சா தொளதொளன்னு ஆயிடும். நிஜக் கம்பளியை வெந்நீர்ல போட்டுக் கசக்கினா சுருங்கி பொம்மைக்கு ஆகும். முடிச்ச துணியை மழைக்காலத்துல துவைக்காதீங்க, குன்னூர் மூட்டத்துல நாலு நாள் ஆனாலும் காயாம ஒரு வாடை வந்துடும், ஜனவரி பிப்ரவரி வெயிலுக்கு எடுத்து வைங்க. கைக்குழந்தை சாமானோட பாச்சை உருண்டை போடாதீங்க, சில குழந்தைங்களுக்கு அதால ரத்த அணுவே உடையும், வேப்பிலை போதும், இல்லன்னா மாசத்துக்கு ஒருவாட்டி உதறிக் காய வைங்க.

அப்புறம் ஆர்டர். நீங்க கேக்கல, ஆனா ஒரு நல்ல குல்லா போட்டுக்கிட்டு ஆபீஸ் போனீங்கன்னா "எனக்கொண்ணு போட்டுக் குடுங்களேன்"னு கட்டாயம் வரும். ஒரு சீசனுக்கு ஒரு கடைக்காரர் கேட்டார்னு 60 குரங்கு குல்லாய்க்கு ஒத்துக்கிட்டேன். ஒண்ணுக்கு நாலு மணி நேரம், நூல் காசு போக 70 ரூபா கிடைச்சுது, அதுவும் நாலு மாசம் அலைஞ்சு. மணிக்கு 17 ரூபா. அதைவிட மோசம் என்னன்னா அந்த வருஷம் என் பிள்ளைங்களுக்கு கடைல ஸ்வெட்டர் வாங்கினேன், பின்னல் மேலயே வெறுப்பு வந்து ஒரு வருஷம் பையைத் தொடல. காசுக்குச் செய்யறவங்களை நான் குறைச்சுச் சொல்லல, அவங்களுக்கு வேற வேகம், வேற விலை. உங்களை மாதிரி நேரம் இல்லாதவங்க "வருஷத்துக்கு வெளி ஆளுக்கு ரெண்டுதான், அதுவும் நானா குடுத்தா"ன்னு வச்சுக்கோங்க. கேக்கறவங்ககிட்ட "நூலும் ஊசியும் வாங்கிட்டு வாங்க, சொல்லித் தர்றேன்"னு சொன்னா பத்துல ஒம்போது பேர் அதோட விட்டுடுவாங்க.

வீட்ல பேச்சு விழுதுன்னு சொன்னீங்களே, அதுக்கு என்கிட்ட பெரிய வித்தை எதுவும் இல்ல. எங்க மாமியார் ஒரு வருஷம் முணுமுணுத்தாங்க. ஒருநாள் லடி நூலை, அதான் பெரிய வளையமா சுத்தி வர்ற நூலைப் பிரிக்க ஆள் இல்லாம நாற்காலில மாட்டி நான் அல்லாடறதைப் பாத்துட்டு அவங்களே ரெண்டு கையையும் நீட்டினாங்க, நான் உருண்டை சுத்தினேன், அன்னைக்கு ஒரு மணி நேரம் அவங்க அம்மா ஊர்க் கதையெல்லாம் சொன்னாங்க. முட்டி வலிக்காரங்களுக்கு உக்காந்த இடத்துல ஒரு வேலை கிடைச்சா அது அவங்களுக்கும் ஒரு தெம்பு. உங்க மாமியாருக்கும் அப்படியே ஆகும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன், கேட்டுப் பாருங்க. 9 வயசுப் பையனுக்கு குரோஷால செயின் (சங்கிலிப் பின்னல்) போடச் சொல்லிக் குடுங்க, பசங்க கயிறு மாதிரி மீட்டர் கணக்குல போடுவாங்க, நூல் வீணாகும், ஆனா அரை மணி நேரம் வீடு அமைதியா இருக்கும்.

கடைசியா அந்த நீல ஸ்வெட்டர். ரெண்டாவது கையை இப்பவே ஆரம்பிச்சிடாதீங்க. முன் பாகம், பின் பாகம் ரெண்டையும் ஊக்கு குத்தி வீட்டுக்காரர் மேல வச்சுப் பாருங்க, ரெண்டு வருஷத்துல அவருக்கு தொப்பை வந்திருந்தா கை முடிச்சும் பிரயோஜனம் இல்ல. சரியா இருந்துச்சுன்னா முடிஞ்ச கையை பகல் வெளிச்சத்துல விரிச்சு, 10 வரிசைக்கு ஒரு ஊக்கு குத்தி எண்ணி, எங்கெங்க கண்ணி கூட்டினீங்கன்னு காலண்டர் தாள்ல எழுதுங்க. அப்புறம் அதே ஊசில ஒரு உள்ளங்கை அளவுக்குத் தனியா பின்னி அளந்து பாருங்க, ரெண்டு வருஷத்துல கை இறுக்கம் மாறியிருக்கும், இறுக்கமா வந்தா ஒரு நம்பர் தடிச்ச ஊசி, தளர்வா வந்தா ஒரு நம்பர் மெலிசு. இனிமே எந்த ஸ்வெட்டர் போட்டாலும் ரெண்டு கையையும் ஒரே ஜோடி நீட்டு ஊசில ரெண்டு உருண்டை வச்சு சேர்த்தே போடுங்க, ரெண்டும் ஒண்ணா முடியும். தொப்பை விஷயம் எப்படின்னு பாத்துட்டு, அந்தக் கையை நேரா விரிச்சு ஒரு போட்டோ எடுத்து இங்கயே போடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு. தோள்கிட்ட எத்தனை கண்ணி குறைச்சிருக்கீங்கன்னு எண்ணிச் சொல்றேன்.